கடலுக்குப் போயிருக்காரு

வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், "கடலுக்குப் போயிருக்காரு" என்பாள் லீமா. வெளியூர்க்காரர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். குளச்சல்காரர்கள் கேட்பதில்லை. அவள் புருஷன் கிளீட்டஸ் கடலுக்குப் போனது ஒக்கிப் புயல் அடித்த வருஷம் என்பது அவர்களுக்குத் தெரியும். எட்டு வருஷமாகிறது. வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

அரசாங்கம் இறப்புச் சான்றிதழ் கொடுத்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். போட்டது கைதானே, வாய் சொல்லவில்லையே என்பது அவள் நியாயம். அவருக்கென்று அடக்கப் பூசை வைக்கவில்லை, கல்லறைத் தோட்டத்தில் சிலுவை நடவில்லை, தாலியைக் கழற்றவில்லை. பைத்தியம் என்றார்கள் சிலர், பிடிவாதம் என்றார்கள் சிலர். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவள் பாட்டுக்கு வேலைக்குப் போனாள், சாயங்காலம் வந்து மீன் கழுவினாள், ஒரே மகள் ஷிஜியை நர்சிங் படிக்கவைத்துக் குவைத்துக்கு அனுப்பினாள். சந்தோஷம் இல்லைதான், துக்கமும் இல்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி இருந்தது மனசு. குத்தினாலும் தெரியாது.

வேலை பார்ப்பது பெரிய கம்பெனியில். நகைக்கடன், இன்சூரன்ஸ், சேமிப்பு எல்லாம் உண்டு. தலைமை அலுவலகம் மும்பையில், கிளைகள் நாடெங்கும். குளச்சல் கிளையின் கவுண்டரில் லீமா உட்கார்ந்து காலம் போனது தெரியவில்லை.

இந்த வருஷம் கம்பெனிக்குப் புத்தி மாறியது. அலுவலகத்தையே புதிதாக்குகிறார்களாம். கவுண்டரை இடித்துச் சோபா போட்டார்கள். யாருக்கும் சொந்த நாற்காலி கிடையாது, காலையில் எது காலியோ அதில் உட்கார வேண்டும். கோயிலில் பூசைக்குப் போனால்கூட அவரவர் வழக்கமாக உட்காரும் இடம் என்று ஒன்று உண்டு ஐயா! சார், மேடம் எல்லாம் போய், எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றும் உத்தரவு. மேனேஜர் ஸ்ரீஜித் மார்த்தாண்டத்துப் பையன், லீமாவுக்குத் தம்பி வயசு. ஒருநாள் "லீமா" என்று கூப்பிட்டுப் பார்த்தான். கூப்பிட்ட வாய்க்கே கூச்சமாகிவிட, மறுநாள் "அக்கா"வுக்குத் திரும்பிவிட்டான். லீமா அவனை எப்படியும் கூப்பிடாமல், தொண்டையைச் செருமியே காலத்தை ஓட்டினாள்.

சனங்கள் போனிலேயே எல்லாம் முடித்துக்கொள்வார்களாம், பிறகு கிளையில் ஐந்து பேர் எதற்கு? இரண்டு பேர் போதும், மற்றவர்கள் சென்னைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். லீமாவுக்குச் சென்னை ஆகாது. கிளீட்டஸ் வந்து கதவைத் தட்டும்போது வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது. அவ்வளவுதான் காரணம். இதைப் போய் எந்த மேனேஜரிடம் சொல்ல?

அந்தச் சமயத்தில்தான் உயிர்காப்புச் சட்டைகள் வந்து இறங்கின. கடற்கரைச் சனங்களுக்குக் கம்பெனி நல்லது செய்யப்போகிறது. நல்ல காரியம், குற்றம் சொல்லக் கூடாது. ஆனால் சோழியன் குடுமி சும்மா ஆடுமா? அதை வீடியோ எடுக்க வேண்டும். கடலில் புருஷனைப் பறிகொடுத்தவள், அதுவும் கம்பெனியிலேயே வேலை பார்ப்பவள், தன் கையால் சட்டையை எடுத்துக் கொடுக்கிறாள் என்றால் மும்பைக்காரர்களுக்கு இனிக்காமல் இருக்குமா!

"இத நீங்க செய்து குடுத்தா ஒங்க பேர இஞ்சயே வச்சிருவாவக்கா. நான் மேல பேசியாச்சு," என்றான் ஸ்ரீஜித். அவன் நல்லவன். இந்த மாதிரிச் சங்கதியெல்லாம் நல்லவர்கள் கையாலேயேதான் வந்து சேரும்.

"நான் என்ன சொல்லணும்?"

போனில் காட்டினான். 'என் கணவர் கடலில் இறந்துவிட்டார். இன்னொரு பெண்ணுக்கு இப்படி நடக்கக் கூடாது.'

லீமா அதை வாசித்தாள். "கடலுக்குப் போனாரு, வரல்லன்னு சொன்னா போராதா?"

"நானும் கேட்டேன்க்கா. பாக்குத ஆளுக்கு வெளங்காதுன்னு சொல்லிட்டாவ."

அவருக்காகக் காத்திருக்க வேண்டுமென்றால் குளச்சலில் இருக்க வேண்டும். குளச்சலில் இருக்க வேண்டுமென்றால் அவர் செத்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். என்ன அநியாயம் பாருங்கள்! வேறொருத்தியாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். லீமாவுக்கு ஆத்திரம்கூட வரவில்லை.

"செரி," என்றாள்.

மீன்பிடித் துறைமுகத்தில் படமெடுத்தார்கள். ஸ்மிதா என்று ஒரு பெண் சென்னையிலிருந்து வந்திருந்தாள், அவள்தான் டைரக்டர். வெயிலுக்கு லீமாவின் தலைமேல் தானே குடைபிடித்தாள், அப்படி ஒரு குணம். கேமரா ஓடியதும் லீமா சொன்னாள். எட்டு வருஷம் வாயில் வராத சொல், டோக்கன் நம்பர் கூப்பிடுவது மாதிரி வந்து விழுந்தது. நாக்கு சுருளவில்லை, வானம் இடியவில்லை. ஏலம் முடிந்து கூடையோடு போன மீன்காரி ஜெயபாய் மட்டும் நின்று, கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் மனசுல இருந்து சொல்லுங்க," என்றாள் ஸ்மிதா.

லீமா திரும்பச் சொன்னாள். காற்று இரைச்சல் என்றார்கள், திரும்பச் சொன்னாள். வெளிச்சம் போதவில்லை என்றார்கள், திரும்பச் சொன்னாள். 'என் கணவர் கடலில் இறந்துவிட்டார்.' சொல்லச் சொல்ல அது யாரோ எவரோ செத்த கதையாகிவிட்டது. கடைசியில் ஸ்மிதா பெருமூச்சு விட்டு, "போதும்க்கா, மியூசிக் போட்டுச் சரி பண்ணிக்கலாம்," என்றாள்.

சரி பண்ணிவிட்டார்கள். வயலின் அழுதது. அலைகள் மெதுவாக வந்தன. நடுவில் லீமாவின் முகம். கிளையின் பெரிய டிவியில் அது திரும்பத் திரும்ப ஓடியது, வந்தவர்களெல்லாம் சோபாவில் உட்கார்ந்து பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் மும்பையிலிருந்து தகவல் வந்துவிட்டது.

"அக்கா, ஒங்களுக்கு இஞ்சதான். எங்கயும் போவாண்டாம்," என்று சிரித்துக்கொண்டே வந்தான் ஸ்ரீஜித். லீமாவும் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் குவைத்திலிருந்து ஷிஜி கூப்பிட்டாள். இந்த நேரத்தில் கூப்பிடுகிற வழக்கமில்லை. லீமா எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"என்ன மக்கா, டூட்டி இல்லியா? சோறு தின்னியா?"

"வீடியோ பாத்தேன்."

"ம்."

"அப்பா செத்துப்போச்சுன்னு நீதானேம்மா சொன்ன? ஒன் வாயால?"

"கம்பெனிக்காரங்க சொல்லச் சொன்னாவ மக்கா. இல்லன்னா சென்னைக்கு..."

"சொன்னியா, இல்லியா?"

"சொன்னேன்."

கட்டாகிவிட்டதோ என்று லீமா போனை எடுத்துப் பார்த்தாள். இல்லை.

"அப்பா வராதப்ப நான் அழுதேன், நீ என் வாயப் பொத்துன," என்றாள் ஷிஜி. "செத்தவங்களுக்குத்தான் அழணும், அப்பா செத்தா போச்சு? எதுக்கு அழுதன்னு கேட்ட. அதுக்குப் பொறவு நான் அழவே இல்லம்மா. ஹாஸ்டல்லயும் அழல்ல, இங்க வந்தும் அழல்ல. நான் அழுதா அப்பாவ நானே கொன்ன மாதிரின்னு நெனச்சேன்." குரல் சின்னப் பிள்ளையுடையதாகிவிட்டது. "இனி நான் அழலாமாம்மா?"

லீமா ஒரு கையால் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். கேமரா முன்னால் அத்தனை தடவை சொன்னபோது சாகாத மனுஷன் இப்போது, அவள் சொல்லப்போகிற இந்த ஒரு வார்த்தையில்தான் சாக வேண்டும். அது அவளுக்குத் தெரிந்தது.

"அழு மக்கா," என்றாள்.

ஷிஜி அழத் தொடங்கினாள். பதினாறு வயசில் பொத்தி வைத்த அழுகை, பெருங்குரலாக வந்தது. லீமா போனைக் காதோடு அழுத்தியபடி நின்று, தனக்கும் வருமா என்று பார்த்தாள். வரவில்லை. மகள் அழுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.