ஒட்டுப்பாலுக்குள் கிடந்த ஸ்னைப்பர் குண்டு

கடையில்

குலசேகரத்தில் ஞானமுத்துவின் ரப்பர் கடையில் அன்று காலை, வரிசையில் நின்றவர்களைத் தவிர, நான்கு பேர் இருந்தோம். கடைக்காரர் ஞானமுத்து, தோட்டக்காரர் தாசையா, அவர் தோட்டத்தில் பால் வெட்டும் ராஜம் அக்கா, அவர்களுடைய மூன்று சாக்குச் சரக்கை இறக்க வந்த நான். இருந்திருக்க வேண்டியவர், ஆனால் இல்லாதவர், என் முதலாளி ஜெரோம் அண்ணன். துப்பாக்கியில் மாட்டிக் குறி பார்க்கிற ஸ்கோப் புதிதாக வருகிறது என்று திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தார். நல்ல நாள் பார்த்துத்தான் போனார்.

தராசுக்குப் பக்கத்தில் ஒட்டுப்பால் கட்டி ஒன்று இரண்டாக வெட்டிக் கிடந்தது. காலையில் பால் எடுத்த பிறகும் ரப்பர் மரம் கொஞ்சம் வடிக்கும். அது மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டையிலேயே உறைந்து கட்டியாகும். அதுதான் ஒட்டுப்பால். எடை போட்டு விற்பது. எடை கூடுவதற்காகச் சிலர் உள்ளே கல்லும் மண்ணும் வைப்பதால், கடைக்காரர்கள் ஒன்றிரண்டை வெட்டிப் பார்ப்பார்கள். ஞானமுத்து வெட்டிய கட்டியிலிருந்து வெள்ளை மணிகள் ஏழெட்டு உருண்டு வந்தன.

"தாசையா, இது என்னவாக்கும்? எல்லாவனும் கல்லு போடுவான். நீரு முத்து போட்டிருக்கீரு!"

சரக்கு கொண்டு வந்து வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தாசையா சிரிக்கவில்லை. அந்தக் கடையில் அவருடைய சரக்கை மட்டும் அதுவரை வெட்டிப் பார்த்ததில்லை. அன்றைக்குப் புதிதாகத் தீட்டிய கத்தியைச் சோதிக்கத்தான் ஞானமுத்து அதை எடுத்தாராம்.

ராஜம் அக்கா ஒரு மணியை எடுத்து முந்தானையில் துடைத்து, என்னைப் பார்த்தாள்.

வேலை கிடைத்த விதம்

ஏர்சாஃப்ட் என்பது பிளாஸ்டிக் குண்டு போட்டுச் சுடும் விளையாட்டு. துப்பாக்கி பார்வைக்கு நிஜம் போல இருக்கும். குண்டு மிளகை விடச் சற்றுப் பெரிது. பட்டவன் தானாகவே கையைத் தூக்கி "ஹிட்" என்று சொல்லி வெளியேற வேண்டும். இதை முதலில் கேட்டபோது ராஜம் அக்கா, "பட்டவன் தானே சொல்லணுமா? அப்போ நம்ம ஊருல ஒருத்தனும் சாவ மாட்டான்" என்றாள். சொன்னது போலவே முதல் மாதம் ஒருவரும் சாகவில்லை.

ஜெரோம் அண்ணன் கல்ஃபில் இருந்தபோது இதை ஆடியவர். 2014-இல் ஊருக்கு வந்து, தாசையாவின் தோட்டத்தில் இரண்டு ஏக்கரை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வாடகைக்குப் பிடித்தார். போலீஸ் ஸ்டேஷனில் துப்பாக்கிகளைக் கொண்டுபோய்க் காட்டி, எழுதியும் கொடுத்தார். தாசையா வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று.

"நீங்க வெடிப்பியளோ, படுத்து உருளுவியளோ, எனக்கு அது விஷயமில்ல. எம் பாலுக்கு ஒரு கேடு வந்துன்னா அண்ணைக்கே கெட்டி எடுத்துட்டுப் போயிரணும். கேட்டியளா?"

அண்ணனுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. வாடிக்கையாளருக்குச் சாமான் எடுத்துக் கொடுக்க, ஆள் குறைந்தால் ஸ்னைப்பராக ஆட. ஸ்னைப்பர் என்றால் மறைந்து படுத்துத் தூரத்திலிருந்து சுடுகிறவன். ஆங்கிலத்தில் இருந்த மேனுவலை வாசிக்கத் தெரிந்ததால் என்னை எடுத்தார். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான்; மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். அப்பா லாரியில் லோடு ஏற்றுகிறவர். அம்மா கிணற்றடியில் சொல்லுவாள்: "எம் மவன் பிசிக்ஸ் படிச்சவனாக்கும். மாசம் ஒம்பதாயிரம். சோலி என்னன்னு கேட்டா, காட்டுல குப்புறப் படுத்துக் கெடக்கணும்னு சொல்லுகான்."

சாமான் விஷயம்

ஸ்னைப்பராக வேண்டும் என்று வருகிற தம்பிகள் முதலில் கேட்பது, "எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" நான் சொல்லுவது, முதலில் கண்ணாடி வாங்கு. கண்ணைச் சுற்றி அடைத்து நிற்கும் நல்ல கண்ணாடி. நம் ஊர் ஈரத்துக்கு அது ஐந்து நிமிஷத்தில் பனிக்கும். பாத்திரம் கழுவும் சோப்பை உள்ளே லேசாகத் தடவித் துடைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். இரண்டாவது, வழுக்காத ஷூ. மூன்றாவது, ஒரு சின்னப் பிஸ்டல். ஸ்னைப்பர் துப்பாக்கியில் வேகம் கூடுதல். பக்கத்தில் நிற்பவனை அதால் சுடக் கூடாது. பிஸ்டல் இல்லாத ஸ்னைப்பர், ஆள் பக்கத்தில் வந்ததும் கும்பிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான். துப்பாக்கி நாலாவது. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுக்கிற ஸ்பிரிங் துப்பாக்கி போதும். காசு மிஞ்சினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தையும் பேரல் குழாயையும் மாற்று. ஸ்கோப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

மறைப்பு உடையை நாமே செய்யலாம். அண்ணன் கல்ஃபிலிருந்து கொண்டு வந்தது பாலைவன நிறம். அதை உடுத்துப் பச்சைத் தோட்டத்தில் படுத்தால் வைக்கோல் போர் மாதிரி இருந்தது. சாக்கைப் பிரித்து, நூலுக்குச் சாயம் ஏற்றி, காய்ந்த ரப்பர் இலைகளைச் செருகி நானே ஒன்று செய்தேன். முதல் மேட்சில் திருவனந்தபுரத்திலிருந்து வந்த எட்டுப் பேரும் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஆனால் சிரட்டைகளில் மழைத்தண்ணீர் தேங்குகிற தோட்டத்துக் கொசு சும்மா விடுமா? உடைக்குள் ஒரு கொசுவத்திச் சுருளைக் கொளுத்தி வைத்திருந்தேன்.

"எடே, அந்தப் புதரு புகையுது பாரு!" என்று ஒருவன் கத்தினான்.

எட்டுப் பேரும் வந்து சுற்றி நின்று போட்டோ எடுத்த பிறகுதான் சுட்டார்கள்.

பயிற்சி

மேனுவல் சொன்னது: தூரம் தெரிந்த, அசையாத இலக்கில் தினமும் பழகு. ரப்பர் தோட்டம் அதற்கென்றே நட்டது போல இருந்தது. மரத்துக்கு மரம் பதினைந்து அடி. மரத்தை எண்ணினால் தூரம் தெரிந்துவிடும். இடுப்பளவில் ஒவ்வொரு மரத்திலும் ஒரு சிரட்டை. அதற்கு நேர் மேலே பட்டையில் சுட்டால் குண்டு சிரட்டைக்குள் விழும். மேட்சுக்கு ஆகாவிட்டாலும் மறுநாள் பழக எடுத்துக்கொள்ளலாம். குண்டு அவ்வளவு விலை.

பால் எடுத்து எல்லாரும் போன பிறகு, மதியத்தில் பழகுவேன். பிறகு போய்ச் சிரட்டையைப் பார்ப்பேன். கொஞ்சம் பால் கிடக்கும். குண்டு இருக்காது. தவறிவிட்டது என்று ஸ்கோப்பை இரண்டு திருகு திருகுவேன். மறுநாளும் இருக்காது. இன்னும் சுடுவேன். எடை கூடின வெள்ளைக் குண்டு வெள்ளைப் பாலில் முங்கிப்போகும் என்று பிசிக்ஸ் படித்த எனக்குத் தோன்றவே இல்லை. என் குறி மோசம் என்று நான் சொல்ல, ஸ்கோப்தான் மோசம் என்று அண்ணன் புதிதுக்கு ஆர்டர் கொடுத்தார்.

கணக்கு

இப்போது கடைக்கு வருகிறேன். ஞானமுத்து இன்னும் நாலு கட்டியை வெட்டினார். ஒன்றில் பதினொன்று இருந்தது.

"இது இவன் துப்பாக்கில போட்டு வெடிக்குத சாதனமாக்கும்," என்றாள் ராஜம் அக்கா.

தாசையா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் கெட்டிரு."

என் ஒன்பதாயிரமும் அந்தக் கட்டிக்குள் கிடப்பது போல இருந்தது. ஞானமுத்து விடவில்லை. "பயலச் சாக்குச் சொல்லாதயும் வே. எடைக்குப் போட்டதா இல்லியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" வரிசையில் நின்றவர்கள் இன்னும் பக்கத்தில் வந்தார்கள்.

தாசையாவின் காது சிவந்தது. நான் பேசியதே அதனால்தான்.

"அண்ணாச்சி, ஒட்டுப்பாலு கிலோ என்ன வெல?"

"எழுவது."

"இந்தக் குண்டு ஒரு குப்பி ஆயிரம் எண்ணம், நானூறு கிராம். வெல ஆயிரத்தி இருநூறு. அப்போ கிலோ மூவாயிரம். மூவாயிரத்துச் சாதனத்த எழுவதுக்கு விக்க யாராவது உள்ள வைப்பாவளா?"

ஞானமுத்து மணியைத் தராசில் வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை.

"கிலோ மூவாயிரமா? எலே, இனி ஒட்டுப்பாலு வேண்டாம். நீ இத மட்டும் கொண்டா, நான் எடுக்கேன்!"

கடையே சிரித்தது. தாசையா மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "நான் கள்ளன் இல்லேன்னு உமக்கு இவன் கணக்கு சொல்லித்தான் தெரியணுமா, ஞானமுத்து?"

ஞானமுத்து கத்தியைத் துடைத்து உள்ளே வைத்தார். "இல்ல வே. நான் வெட்டுனது தப்பு," என்றார், வரிசையில் நின்றவர்கள் கேட்கிற மாதிரியே.

மீதி

மத்தியானம் ஜெரோம் அண்ணன் புது ஸ்கோப்போடு வந்தார். நடந்ததைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "அப்போ ஒனக்குக் குறி தவறவே இல்லியா?" பிறகு தாசையாவிடம் போய், "ஐயா, இனிமே கறுப்பு குண்டு வாங்குகோம். பாலுல கெடந்தா தெரியும்லா" என்றார். தாசையா அவரைப் பார்த்த பார்வையில் அண்ணன் ஸ்கோப்பைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

கடைசியில் தாசையா போகச் சொல்லவில்லை. ஆனால் பால் வெட்டுகிற மரங்கள் பக்கம் இனி வரக் கூடாது. இன்னும் வெட்டுக்கு வராத இளமரங்கள் நிற்கிற மேற்குப் பக்கத்தில் ஆடிக்கொள்ளலாம். அங்கே ஒவ்வொரு மரமும் என் கை கனம்தான் இருக்கும். அதன் பின்னால் ஒளிந்தால் மரத்தின் இரண்டு பக்கமும் நான் தெரிவேன். அந்த மூன்று சாக்கு ஒட்டுப்பாலையும் நாங்களே வாங்கி, சுத்தம் செய்து, அதே கடையில் போட வேண்டும். "எம் பேருல இல்ல, ஒங்க பேருல," என்றார்.

தம்பிகளே, துப்பாக்கி வாங்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சுடுகிற இலக்கைப் பார்த்தால் போதாது. குண்டு போய் எங்கே விழும், அது யாருடைய சிரட்டை என்று பாருங்கள்.

தொண்ணூறு கிலோ ஒட்டுப்பாலை எழுபது ரூபாய்க்கு வாங்கினோம். ராஜம் அக்காவும் நானும் மூக்கில் துணி கட்டி, கட்டி கட்டியாக அரிந்து குண்டுகளை எடுத்தோம். "ஒன்ன மாதிரி ஒருத்தன் படிச்சா போதும் மக்கா, ஊருக்கே சோலி கெடைக்கும்," என்றாள் அக்கா. துண்டு துண்டாக ஆகிவிட்ட சரக்கு என்று ஞானமுத்து கிலோவுக்கு இருபது குறைத்தார். அதில் நஷ்டம் ஆயிரத்து எண்ணூறு. அக்காவுக்கு இரண்டு நாள் கூலி எண்ணூறு. அந்த நாற்றத்துக்கு ஆட்டோக்காரர் கேட்டது ஐந்நூறு. ஆக மூவாயிரத்து நூறு ரூபாய்: அந்தக் காசுக்கு ஒரு கிலோ புதுக் குண்டே வாங்கியிருந்தாலும் நூறு ரூபாய் மிச்சம்.