ஏழாவது குட்டியும் மிளகாய்ப் புகையும்

ஏழு முட்டைகளும் பொரிந்தன. ஆறு குட்டிகள் சாப்பிட்டன. ஏழாவது சாப்பிடவில்லை.

நான் வளர்ப்பது கார்ன் ஸ்னேக். அமெரிக்கப் பக்கத்துப் பாம்பு. விஷம் கிடையாது, நல்ல ஆரஞ்சு நிறம், கையில் எடுத்தால் விரல்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து போகும். நம்மூர்ப் பாம்பை வீட்டில் வைத்தால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்பதால், இது வெளிநாட்டு இனம், முறையாகப் பதிவு செய்தது என்று கேட்பவர்களிடம் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். அதற்குள் பாதிப் பேர் இரண்டடி பின்னால் போயிருப்பார்கள்.

பொரிந்த குட்டி ஷூ லேஸ் கனம்தான் இருக்கும். ஒரு வாரத்தில் முதல் சட்டையை உரிக்கும். அதற்குப் பிறகு பிறந்த சூடு ஆறாத எலிக்குஞ்சு ஒன்றைப் போட்டால் விழுங்கிவிட வேண்டும். நாங்கள் போடுவது உறைய வைத்த குஞ்சு. வெந்நீரில் வைத்து உருக்கி, துடைத்து, டப்பாவுக்குள் வைத்துவிட்டு வரவேண்டியதுதான். ஆறு குட்டிகளும் மறுநாள் காலையில் வயிறு புடைத்துக் கிடந்தன. ஏழாவதின் டப்பாவில் எலிக்குஞ்சு வைத்தது வைத்தபடியே இருந்தது. அதன் மேலேயே ஏறித் தூங்கிக்கொண்டிருந்தது குட்டி.

கரையான்சாவடியில் எங்கள் ஃபிளாட்டில் மூன்று பேர். கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. வீட்டில் இருக்கும் நேரத்தில் பாதி நேரம் தூங்குவார். எனக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங். செவ்வாயும் வெள்ளியும் ஆபீஸ், மற்ற நாள் வீட்டிலிருந்தே. மூன்றாவது ஆள் மாமியார். பூந்தமல்லியிலேயே பிறந்து, பூந்தமல்லியிலேயே வாழ்க்கைப்பட்டு, மாமனார் போன பிறகு எங்களோடு வந்தவர். பாம்பு என்றால் அவருக்குக் குலை நடுக்கம். அதனால் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். பாம்புகள் பின்பக்கத்துச் சின்ன அறையோடு சரி. எலிகளுக்குத் தனி ஃபிரிட்ஜ். அவர் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்க மாட்டார், நான் பாம்போடு ஹாலுக்கு வரமாட்டேன்.

ஆனால் ஒரு ஜீவன் பட்டினி கிடக்கிறது என்று தெரிந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. தினமும் காலையில் அறை வாசலுக்கு வெளியே நின்று, கதவைத் தொடாமல், துன்னுச்சா என்று கேட்பார். இல்லை என்றால் முகம் வாடிவிடும்.

எனக்கு முட்டையிட்ட பாம்பு ஜோடியைக் கொடுத்தவர் வேப்பம்பட்டில் இருக்கிறார். இருபது வருஷமாகப் பாம்போடு புழங்குகிறவர். போன் போட்டேன். சில குட்டிகளுக்கு எலி வாசனை பிடிக்காது, காட்டில் அதுகளுக்கு முதல் சாப்பாடு பல்லிதான், பல்லி வாசனையைப் பூசிக் கொடுத்துப் பாருங்கள் என்றார். ஸ்பீக்கரில் பேசினேன், மாமியார் காதில் விழுந்துவிட்டது. மறுநாள் சமையலறை டியூப் லைட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லியைப் பிளாஸ்டிக் டப்பாவால் கவிழ்த்துப் பிடித்து வைத்திருந்தார். கொல்லக் கூடாது, எலிக்குஞ்சை அதன் முதுகில் தேய்த்துவிட்டு விட்டுவிட வேண்டும் என்று கண்டிஷன். தேய்த்தேன். விட்டேன். பல்லி விட்டால் போதும் என்று ஓடியது. குட்டி அந்தக் குஞ்சை நாக்கை நீட்டி நீட்டி முகர்ந்துவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டது.

மூன்றாவது வாரம். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்னத் தராசு ஒன்று என்னிடம் இருந்தது. ஆறு கிராம் இருந்த குட்டி ஐந்துக்கு இறங்கியிருந்தது. முதுகெலும்பு கூரை முகடு மாதிரி தெரிய ஆரம்பித்தது. இதற்கு மேல் இறங்கினால் பிழைக்காது.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சரியாக இல்லாத ஒன்றைச் சும்மா விட முடியாது. வேலையும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது, ஓடாததை ஓடும்வரை நோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். மீட்டிங்குக்கு மீட்டிங் நடுவில் எழுந்து போய் மூடியைத் திறந்து பார்ப்பேன். குட்டி சுருண்டிருக்கும். விரலால் லேசாகத் தட்டுவேன். இடம் மாற்றி வைப்பேன். எலிக்குஞ்சை இடுக்கியில் பிடித்து மூக்குக்கு நேரே ஆட்டுவேன். வேப்பம்பட்டுக்காரர் ஒருநாள் பொறுமை இழந்துவிட்டார்.

"அக்கா, நீ இப்டி பாத்துகினே இருந்தா அது எப்டிக்கா துன்னும்? மூடிய போட்டு அஞ்சு நாளு அந்தாண்ட போய்டு. அதுக்கு பயம் போவட்டும்."

அதற்கும் சாப்பிடாவிட்டால் குட்டியைத் தன்னிடம் எடுத்து வரச் சொன்னார். வாயைத் திறந்து ஊட்டுவது கடைசி வழி, அதையும் கை பழகினவர்கள்தான் செய்ய வேண்டும், நீங்களாகச் செய்துவிடாதீர்கள் என்று இரண்டு தரம் சொன்னார். சரி சரி என்றேன். அஞ்சு நாள் என்று அவர் சொன்னதில் ஒன்றரை நாள் பொறுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கணவர் ஷிப்டிலும் மாமியார் தூக்கத்திலும் இருந்தபோது, போனில் ஒரு வீடியோவைச் சாய்த்து வைத்துக்கொண்டு நானே ஊட்டினேன். இடக்கையில் குட்டியின் தலை, வலக்கையில் இடுக்கி. வீடியோவில் சுலபமாக இருந்தது. என் கையில் அது முறுக்கிக்கொண்டது. வாய் திறந்ததும் எலிக்குஞ்சின் தலையை வைத்து உள்ளே தள்ளினேன். நின்ற இடத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளினேன். போய்விட்டது. டிஷ்யூவில் ஒரு பொட்டு ரத்தம் இருந்தது. அது எலியின் ரத்தம் என்று முடிவு செய்தேன். அப்படித்தான் முடிவு செய்ய விரும்பினேன் என்பது இப்போது எழுதும்போது தெரிகிறது.

மறுநாள் குட்டி அதைக் கக்கிவிட்டது. புதன்கிழமை மறுபடி ஊட்டினேன். அடுத்த ஞாயிறும் ஊட்டினேன். ஒன்றும் தங்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. மாமியாரிடம் கொஞ்சம் சாப்பிட்டது என்றேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஆபீஸில் கரண்ட் போய், மதியமே அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்து உள்ளே வந்தால் கண்ணைக் கரிக்கும் புகை. பின்பக்க அறையின் கதவு திறந்திருந்தது. பத்து மாதமாக அந்த வாசற்படியைத் தாண்டாத என் மாமியார் உள்ளே நின்றுகொண்டிருந்தார். முந்தானையை இழுத்துச் செருகி, கையில் கங்கு போட்ட இரும்புக் கரண்டி. கங்கின் மேல் உப்பும் காய்ந்த மிளகாயும் வெடித்துக்கொண்டிருந்தன. ஏழாவது குட்டியின் டப்பாவை அந்தக் கரண்டியால் இடமும் வலமுமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். பயத்தில் கண்ணை டப்பாவின் பக்கம் திருப்பவே இல்லை. பக்கத்தில் சாம்பிராணித் தட்டு வேறு.

இதில் அவருக்கு எங்கள் பிளாக்கில் ஒரு பெயர் உண்டு. சோறு இறங்காத குழந்தையை யார் யாரோ தூக்கிக்கொண்டு வருவார்கள். இவர் மடியில் போட்டுக்கொண்டு, சுற்றிப் போட்டு, இரண்டு வாய் ரசஞ்சோறு ஊட்டி அனுப்புவார். குழந்தை சாப்பிடும். கை ராசி என்பார்கள். ஐ.டி. வேலையில் இருக்கும் பெண்கள்கூட வருவார்கள், நம்பிக்கையில்லை ஆன்ட்டி, இருந்தாலும் என்று சிரித்துக்கொண்டே.

என்னைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம்தான்.

"கண்ணு பட்டுகீதும்மா. ஊரே வந்து பாத்துட்டு போச்சே, சும்மாவா வுடும்? மூணு வாரமா நீ ஆபீசு போற அன்னிக்கெல்லாம் சுத்திப் போட்டுகினு கீறேன். நெடியே வரல பாரு, அம்மாம் கண்ணு."

கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பது கணக்கு. எனக்குக் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவருக்கும்தான்.

நான் கத்தினேன். ஜன்னலைத் திறந்தேன், ஃபேனைப் போட்டேன், டப்பாக்களை ஒவ்வொன்றாக பால்கனிக்குத் தூக்கினேன், கத்திக்கொண்டே செய்தேன். பாம்பு நாக்கால் முகர்கிற பிராணி, இந்தப் புகையில் அதற்கு எந்தச் சாப்பாட்டின் வாசனை தெரியும், இத்தனை வாரமாக அது ஏன் சாப்பிடவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குள் எங்கோ அந்தப் பொட்டு ரத்தம் உறுத்திக்கொண்டிருந்தது. வேறொருவர் மேல் பழி விழ ஓர் இடம் கிடைத்ததும் அப்படி ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியில்தான் அடுத்ததைச் சொன்னேன்.

"இன்னும் எத்தனை பிள்ளைங்களுக்கு இப்படிப் புகையைப் போட்டுக் கெடுத்து வெச்சீங்களோ?"

அவர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். கங்கின் மேல் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டி செத்துக் கிடந்தது. சுருண்டுகூட இல்லை, நீட்டி நேராக. நான் அழுதேன். ஐந்து கிராம் பிராணிக்கு இத்தனை அழுகையா என்று கணவர் திகைத்துப் போனார். மாமியார் ஹாலில் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். வாசல் வரைக்கும் வரவில்லை, கேட்கவும் இல்லை.

மற்ற ஆறுக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில், செத்த குட்டியை ஒரு டப்பாவில் போட்டு, பூந்தமல்லியில் பறவை, ஆமையெல்லாம் பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். இளைஞர். அறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். சரி என்றேன். உண்மையைச் சொன்னால், புகைதான் காரணம் என்று அவர் வாயால் கேட்கவே போயிருந்தேன். விளக்கை இழுத்து, லென்ஸை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார்.

"உணவுக்குழாய்ல கிழிசல் இருக்கு மேடம். சீழ் வெச்சிருக்கு. ரெண்டு நாள்ல வந்தது இல்ல இது. வாயைத் திறந்து ஊட்டினீங்களா?"

ஊட்டினேன் என்றேன். புகையாலும் இருக்குமா என்று கேட்டேன். புகை பாம்புக்கு நல்லதில்லைதான், ஆனால் நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, இது அதனால் இல்லை என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நிறைய பேர் இப்படிச் செய்துவிடுகிறார்கள், அடுத்த தடவை கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார். பட்டினி எத்தனை வாரம் வரைக்கும் தாங்கும் என்று கேட்டேன். இன்னும் இரண்டு மூன்று வாரம்கூடத் தாங்கியிருக்கும், சில குட்டிகள் அதற்குப் பிறகு தானாகவே சாப்பிட ஆரம்பித்துவிடும் என்றார். அதைக் கேட்டிருக்க வேண்டாம்.

ஆட்டோவில் வரும்போது மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். நான்தான் கொன்றேன் அத்தே, நீங்கள் இல்லை. அவ்வளவுதான், இரண்டு வரி. வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் அதே சோபா நுனியில் இருந்தார். சாப்பிட்டிருக்கவில்லை. எழுந்து நின்றார்.

"டாக்டரு இன்னா சொன்னாரு? பொகையாலதானா?"

கணவர் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் அம்மாவிடம் நான் பேசிய பேச்சுக்கு இரண்டு நாளாக என்மேல் கோபத்தில் இருந்தவர். இப்போது உண்மையைச் சொன்னால் அந்தக் கத்தல் முழுக்க என் தலையில் திரும்ப வந்து விழும்.

"இருக்கலாம்னு சொன்னாரு அத்தே," என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தெரியாம பண்ட்டேன், மன்ச்சிக்கோ என்று, வயதில் பாதிகூட இல்லாத என்னிடம் சொன்னார். பரவாயில்லை என்று நான் மன்னித்தேன். இதைவிட அசிங்கமான காரியம் என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை.

மீதி ஆறு குட்டிகளும் நல்ல இடங்களுக்குப் போய்விட்டன. இது நடந்து ஏழெட்டு மாதம் இருக்கும். இரண்டாம் மாடிப் பெண் தன் ஒரு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள், மூன்று நாளாக ஒரு வாய் இறங்கவில்லை என்று. மாமியார் பையனின் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனுக்கு இதெல்லாம் தெரியாதும்மா, டாக்டராண்ட இட்டுனு போ என்று அனுப்பிவிட்டார். நான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லையா என்று அவள் என்னிடம் கிசுகிசுத்தபோது, ஆமாம், கொஞ்சம் அசதி என்றேன்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி நின்றுவிட்டது. ஊதுவத்திகூட பால்கனியில்தான். போன மாதம்தான் இன்னொன்றும் கவனித்தேன். சமையலில் காய்ந்த மிளகாய் தாளிப்பதையே அவர் விட்டுவிட்டார். பின்பக்க அறையில் இருக்கும் பெரிய பாம்புகளுக்கு நெடி ஆகாது என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சாம்பார் எப்படி இருக்கும் என்று இந்த பிளாக்கில் எல்லாருக்கும் தெரியும். இப்போது அது வெறும் பருப்புத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. கணவர் சாப்பிட உட்கார்ந்தால் முகத்தைச் சுளித்துவிட்டு ஊறுகாயைத் தேடுவார்.

நேற்று எனக்குப் பரிமாறிவிட்டு, நின்றபடியே என் முகத்தைப் பார்த்தார். நல்லா இருக்கா என்று கேட்டார். நல்லா இருக்குத்தே என்றேன். இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். சாப்பிட்டேன்.