ஆள் மாற்ற வரும்வரை

என் அக்கா புருஷனை நேரில் மாமா என்பேன். முதுகுக்குப் பின்னால் பட்டாளம். கல்யாணமான கையோடு ராணுவ முகாமுக்குத் திரும்பிப் போனவர். இரண்டு பிள்ளைகள் பிறந்ததையும் போனில்தான் கேட்டார். எங்கள் அப்பா கண்ணை மூடியபோதும் சரி, பெரியவனுக்குக் கை முறிந்தபோதும் சரி, அங்கிருந்து வந்தது ஒரே பதில்தான்: லீவு கிடைக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவோ ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

பிறகு அக்காவுக்கு இதயத்தில் கோளாறு வந்தது. முதல் தடவை மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "சாவுக்கு நான் பயப்படலடி. அந்த நேரத்துல இவர் பக்கத்துல இல்லாமப் போயிடுவாரோன்னுதான் பயமா இருக்கு." அதையே அவரிடமும் போனில் சொல்லியிருக்கிறாள். மனுஷன் அடுத்த பதவி உயர்வு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தபோது வேலையை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். "இனிமே எங்கயும் போக மாட்டேன்" என்று பெட்டியை வாசலில் வைத்தபடியே சொன்னார். அன்றைக்கு முதல் தடவையாக எனக்கு அவரைப் பிடித்தது.

வீட்டில் அவரை வைத்துச் சமாளிப்பது பெரும் பாடு. விடிவதற்கு முன்பே குளித்து, சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நிற்பார். "அடுத்து என்ன செய்யணும்?" என்பார். "ஒண்ணும் வேண்டாம், சும்மா உக்காருங்க" என்பாள் அக்கா. "எவ்வளவு நேரம்?" என்று கேட்பார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கேட்பார். நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

படையை விட்டு வருகிறவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வேறு தொழில் கற்றுத்தரும் திட்டம் ஒன்று இருந்தது. பயிற்சியை முடித்துப் பரீட்சையில் தேறினால் அங்கேயே வேலை. துறைமுகத்தில் கிரேன், பஸ் பணிமனை, பெரிய ஆஸ்பத்திரியின் பாய்லர் அறை என்று மூன்று இடங்களைக் காட்டினார்கள். சம்பளம் அதிகம் என்று யாராக இருந்தாலும் கிரேனைத்தான் எடுத்திருப்பார்கள். இவர் பாய்லரை எடுத்தார். அக்காவுக்கு வைத்தியம் நடந்தது அந்த ஆஸ்பத்திரியில்தான். அவள் எந்தக் கட்டிலில் படுத்திருந்தாலும் தான் அதே கட்டடத்தில் இருக்கலாம் என்பது அவர் கணக்கு.

பாய்லர் அறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. துணி வெளுக்கவும் ஆபரேஷன் கருவிகளைச் சுத்தப்படுத்தவும் நீராவி அங்கிருந்துதான் மேலே போகும். நாற்பதைத் தாண்டிய வயதில் அப்ரண்டிஸ். அவரைவிட இளையவரான ஹெட் ஆபரேட்டர் எதைச் சொன்னாலும் விறைத்து நின்று கேட்டுக்கொள்வார். "இது போர்க்களம் இல்லப்பா, கொஞ்சம் சாஞ்சு நில்லு" என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்களாம். அதையும் அவரே வந்து சொல்லி, அக்கா சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பரீட்சை நெருங்கிய சமயத்தில் அக்காவை மூன்றாவது மாடியில் சேர்த்தோம். இதய வால்வை மாற்ற வேண்டும் என்றார்கள். இடைவேளை கிடைத்தால் போதும், எண்ணெய் வாசனையோடு மேலே வந்துவிடுவார். அவள் தலைமாட்டில் உட்காராமல் நிற்பார். "உக்காந்தா என்ன, கிரீடம் கீழ விழுந்துடுமா?" என்று நான் சீண்டுவேன்.

ஒரு நாள் மதியம் ஹெட் ஆபரேட்டருக்குப் பல்வலி. "டாக்டரைப் பாத்துட்டு அப்படியே வீட்டுக்குப் போறேன். அடுத்த ஷிப்ட் ஆள் வர்ற வரைக்கும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். மேலே அக்காவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. டாக்டர்கள் ஓடி வந்தார்கள். ஒரு நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்க வீட்டுக்காரரை உடனே வரச் சொல்லுங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கீழே மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, உடனே மேல வாங்க. அக்காவுக்கு ரொம்ப முடியல."

"வரேன். ஆள் மாத்திட்டு வந்துடறேன்."

"எந்த ஆளு? அவ உங்களைத்தான் கேக்கறா!"

"பாய்லர் ஓடிட்டிருக்கும்மா. என் பொறுப்புல விட்டுட்டுப் போயிருக்காங்க. மேல யாருக்காவது ஆபரேஷன் நடந்துட்டிருக்கும். அடுத்த ஆள் வந்ததும் ஓடி வந்துடறேன். அவகிட்ட வரேன்னு சொல்லு."

வரேன் என்றவர்தான். ஆனால் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி அதே பதில். மூன்று மாடிதான். கத்திக் கூப்பிட்டால் காதில் விழும் தூரம்.

அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்துட்டாரா?"

"படியேறிட்டிருக்காருக்கா."

"மெதுவா வரச் சொல்லு," என்றாள். "அவருக்கு மூச்சு வாங்கும்."

அதற்கு மேல் அவள் பேசவில்லை.

நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்றுதான் கீழே இறங்கிப் போனேன். பாய்லருக்கு முன்னால் நேராக நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் போன். பார்வை தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில். கண்ணிலிருந்து நீர் வழிந்து சட்டைக் காலரை நனைத்திருந்தது. அடுத்த ஆளுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டிருக்கிறார், அவன் எடுக்கவில்லை. "அக்கா போயிட்டா மாமா" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அப்போதும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அந்த நேரத்தில்தான் அடுத்த ஷிப்ட் ஆள் காதில் பாட்டும் கையில் டீயுமாக வந்தான். "என்னய்யா, இன்னும் நிக்கறே? ஹெட் போனதும் நீயும் கிளம்பியிருப்பேன்னுல்ல நினைச்சேன்."

"பாய்லர் ஓடுதே" என்றார் மாமா.

"அது பாட்டுக்கு ஓடும். தண்ணி குறைஞ்சா தானா அணைஞ்சுடும். ஆள் இருக்கணும்னு சட்டத்துல இருக்கு, யாரு இருக்காங்க? நாங்கல்லாம் நேரமானதும் போய்க்கிட்டே இருப்போம். உனக்கு யாரும் சொல்லலையா?"

"சொல்லல."

பிறகு மாமா அவனிடம் முறையாகச் சொன்னார்: "பிரஷர் சரியா இருக்கு. தண்ணி சரியா இருக்கு. ஒப்படைச்சுட்டேன்." சொல்லி முடித்ததும் ஓடினார். அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. இரண்டு இரண்டு படியாகத் தாவி, கைப்பிடிச் சுவரில் மோதிக்கொண்டு, அவள் பேரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார்.

சட்டப்படி பார்த்தால் அவர் செய்தது சரி. அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வெகுநாள் அவரோடு பேசவில்லை. திட்டுவதற்குக்கூட எனக்கு ஆள் கிடைக்கவில்லை. பல்வலிக்காரரைத் திட்டுவதா, டீயோடு ஆடி அசைந்து வந்தவனைத் திட்டுவதா, ஒரு மனுஷனை இப்படி நிற்கப் பழக்கியவர்களைத் திட்டுவதா?

பரீட்சையில் தேறி இப்போது அதே பாய்லர் அறையில் வேலை பார்க்கிறார். பிள்ளைகளுக்கு அவரே சோறு பொங்கிப் போடுகிறார். போன மாதம் அந்த ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போனபோது, அன்று டீயோடு வந்த அந்த ஷிப்ட் ஆள் என்னை நிறுத்தினான்.

"உங்க மாமா தினமும் ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துடறாருங்க. வந்ததும், 'நான் வந்துட்டேன், நீ வீட்டுக்குப் போ'ன்னு விரட்டறாரு. எதுக்குண்ணே, எனக்கு வீட்ல அவசரம் ஒண்ணும் இல்லையேன்னு ஒரு நாள் கேட்டுட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'அது உனக்கு எப்படித் தெரியும்?'னு கேட்டாருங்க."