மோட்டார் திடலில் நேரம் சொன்ன கதை

மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கு நேரம் குறிக்கிற வேலையில் ஒரே ஒரு கஷ்டம்தான் உண்டு: குறித்தால் மட்டும் போதாது, நாலு பேர் காதில் விழும்படி சொல்லவும் வேண்டும். கூட்டத்தில் வாய் திறந்தால் தொண்டை அடைத்துப்போகிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கல்கத்தாவில் சொந்தமாக வேக மோட்டார் வைத்திருக்கும் கனவான்கள் சிலர், குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் டாலிகஞ்சுக்குத் தெற்கே ஒரு திடலில் கூடுவார்கள். செங்கல் பொடி கொட்டி இறுக்கிய வட்டப் பாதை. பந்தயமில்லை, பரிசுமில்லை. தன் வண்டி எத்தனை வேகம் போகும் என்று ஆசை தீரப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். சங்கத்தின் காரியதரிசி கோஷ் பாபு, எங்கள் தமிழ்க் குடும்பத்தைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் என் அப்பாவோடு வேலை பார்ப்பவர். நான் பி.ஏ.யில் கணிதம் எடுத்தவள் என்று கேள்விப்பட்டு ஸ்டாப் வாட்சை என் கையில் கொடுத்தார்.

சிலேட்டு

முதல் ஞாயிறு. முதல் வண்டி கோட்டைத் தாண்டியது. வாட்சை அமுக்கினேன். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. ஐந்தாறு தொப்பிகள் மேஜையைச் சுற்றிக் காத்து நின்றன. வேறு வழியில்லாமல் நேரத்தைச் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டினேன். தூரத்தில் இருந்தவர்கள் அதைப் படிக்க ஓடி வந்தார்கள், படித்துவிட்டுத் திரும்பி ஓடினார்கள். அன்று மோட்டார்களைவிட மனிதர்கள்தான் அதிகம் ஓடினார்கள்.

சாயங்காலம் கோஷ் பாபு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபமில்லை. குளிர்காலம் முடிவதற்குள் என் குரல் வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைத் தேட வேண்டியிருக்கும் என்றார். படித்த கணிதத்துக்கு எனக்குக் கிடைத்த ஒரே நாற்காலி அது. அதை விட மனமில்லை. பலமாகத் தலையசைத்தேன்.

"நீ தலை ஆட்டினது எனக்குக் கேட்கவில்லை, மா," என்றார்.

குறுக்கு விசாரணை

பாரிஸ்டர் ஒருவர் வருவார். அவர் சுற்றி வந்த நேரம் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. "முன் சக்கரம் கோட்டைத் தொட்டபோது அமுக்கினாயா, பின் சக்கரமா?" என்று ஆரம்பிப்பார். "முன் சக்கரம்" என்று முணுமுணுப்பேன். "அந்தச் சமயத்தில் உன் கண்ணில் தூசி விழவில்லை என்று சத்தியம் செய்வாயா?" என்பார். விழுந்திருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஒருநாள் அரை மணி நேர விசாரணைக்குப் பிறகு, தூசி விழுந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டேன். அவர் வெற்றியோடு திரும்பினார். மரநிழலில், லூச்சி என்கிற வங்காளத்துப் பூரி அடுக்கிய கூடையோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை.

"வழக்கு ஜெயித்துவிட்டது, லூச்சி ஆறிவிட்டது, வாருங்கள்," என்றாள் அந்த அம்மாள்.

கடைசி வண்டி

ஒரு ஜமீன்தார் வீட்டுப் பிள்ளைக்கு எல்லா வாரமும் கடைசி இடம்தான். வழியில் கொக்கு நின்றால் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பார். என்னைத் 'தீதி', அக்கா, என்றுதான் கூப்பிடுவார். என் நோட்டை எட்டிப் பார்த்துத் தன் நேரத்தைப் படித்தவர், வருத்தப்படுவார் என்று நினைத்தேன்.

"நான் மெதுவாக வந்தேன் என்று எழுதாதே, தீதி, மற்றவர்கள் அவசரப்பட்டார்கள் என்று எழுது," என்றார்.

ஆறு

குளிர் விட்டுக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு. என் குரல் மேஜை நுனிவரை வந்திருந்தது, அதற்கு மேல் போகவில்லை. திடலில் ஒரே ஒரு வண்டி, டாக்டர் பாபுவுடையது, ஆறாம் எண். கோஷ் பாபு கூடாரத்தில் தேநீர் குடிக்கப் போயிருந்தார். வளைவைத் தாண்டி வண்டி என்னை நோக்கி வந்தபோது அதன் பின் சக்கரம் ஆடுவதைப் பார்த்தேன். ஓட்டுகிறவருக்குத் தெரியாது. ஒரு வண்டியை நிறுத்த அதன் எண்ணைக் கூவ வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இங்கிலீஷில் கூவத்தான் பழகியிருந்தேன். பயத்தில் வீட்டுப் பேச்சுதான் வந்தது. "ஆறு! ஆறு!" என்று கத்தினேன். என் குரலா அது!

டாக்டர் பாபு என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார், குனிந்தார், வண்டியை முடுக்கினார். நான் இன்னும் உரக்கக் கத்த, அவர் இன்னும் வேகமாகப் பறந்தார். அப்போதுதான் உறைத்தது. என் 'ஆறு' அவர் காதில் 'ஆரோ' என்று விழுந்திருக்கிறது. வங்காளிக்கு 'ஆரோ' என்றால் 'இன்னும்'. மனுஷரை நிறுத்துவதற்குப் பதில் விரட்டிக்கொண்டிருக்கிறேன்!

கோஷ் பாபுவின் நாற்காலியில் சாய்ந்திருந்த சிவப்புக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு பாதை நடுவில் போய் நின்றேன். எதிர் வளைவில் வண்டி திரும்பி வந்தது. கொடியைக் கண்டு டாக்டர் பாபு பிரேக்கை மிதித்தார். எனக்கு இருபது கஜம் முன்னால் வண்டி நொண்டி நின்றது. சக்கரம் மட்டும் நிற்காமல், என்னைக் கடந்து, திடலோரக் குளத்தில் போய் விழுந்தது. எல்லாரும் ஓடி வந்தார்கள். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே தமிழில் ஆறு என்றால் என்ன என்பதைச் சொன்னேன். டாக்டர் பாபு கண்ணாடியைக் கழற்றி, முகத்துச் செம்பொடியைத் துடைத்தார்.

"என் ஆயுளில் முதல் தடவையாக ஒருத்தர் என்னை வேகமாகப் போகச் சொன்னாரே என்று சந்தோஷப்பட்டேன், கடைசியில் அவரும் நிற்கத்தான் சொல்லியிருக்கிறார்," என்றார்.

எண் பலகைகள்

அடுத்த ஞாயிறு வேறு யாராவது என் நாற்காலியில் இருப்பார்கள் என்று தயங்கித் தயங்கித்தான் போனேன். நாற்காலி காலியாக இருந்தது. டாக்டர் பாபு புதுச் சக்கரத்தோடு வந்திருந்தார். வண்டியில் ஏழு என்று எழுதியிருந்தது. எல்லா வண்டிகளையும் வரிசையாகப் பார்த்தேன். நாலு, ஐந்து, ஏழு, எட்டு. ஆறு எங்கே என்று கோஷ் பாபுவிடம் கேட்டேன். என் குரல் திடலின் மறுகோடி வரை கேட்டிருக்கும்.

"குரல் வந்துவிட்டது, மா, அதை இனி மாற்ற வேண்டாம், எண்ணை மாற்றிவிட்டேன்," என்றார்.

நான் வேலையில் நிலைத்ததற்குத் தமிழுக்கு நன்றி சொல்வதா வங்காளிக்குச் சொல்வதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, ஆகையால் ஒரு பெண்ணின் தொண்டைக்காக ஐந்துக்குப் பிறகு ஏழு என்று எண்ணக் கற்றுக்கொண்ட அந்தக் கனவான்களுக்கே சொல்லிவிடுகிறேன்.