விசில் மாமாவின் ஒரு பக்கம் தேய்ந்த காசு

என் அக்கா வீட்டுக்காரருக்கு வாரத்தில் ஆறு நாள் தபால் பிரிக்கிற வேலை. ஏழாவது நாள் கால்பந்து நடுவர். அதனால் தெருவுக்கே அவர் விசில் மாமா. இருபத்தெட்டு வருஷமாக ஒரே காசைத்தான் சுண்டுகிறார். முதல் ஆட்டத்தன்று டீக்கடையில் சில்லறையோடு வந்த பழைய ராஜாக் காசு அது.

போன மாதம் தோற்றுப்போன அணியின் கேப்டன் மைதானத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான்: "இவர் காசு தேஞ்ச காசு. எப்பவும் தலைதான் விழும்!"

மனுஷர் இடிந்துபோனார். அடுத்த மூன்று வாரமும் கடன் வாங்கிய புதுக்காசைச் சுண்டினார். சாப்பாடு இறங்கவில்லை. "இத்தனை வருஷமும் அநியாயம் பண்ணிட்டேனாடா?" என்று என்னைப் பிடித்துக் கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பழைய காசு வாங்கும் கடைக்கு இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன்.

கடைக்கார அம்மா காசை விளிம்பில் மட்டும் பிடித்தார். விளக்கடியில் சாய்த்து, லென்ஸை வைத்துப் பார்த்து, தராசில் போட்டார்.

"பூ பக்கம் நேத்து அடிச்ச மாதிரி இருக்கு. ராஜாவுக்குக் காதும் இல்ல, மூக்கும் இல்ல. கை மாறிக் கை மாறித் தேஞ்சா ரெண்டு பக்கமும்தான் தேயும். இதை யாரோ ஒரு பக்கமா தேச்சிருக்காங்க."

மாமாவின் முகம் செத்துவிட்டது. காசு தராசில் கிடக்க, அவர் கட்டைவிரல் மட்டும் வெறும் சட்டைப் பைக்குள் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா அதைக் கவனித்துவிட்டார்.

"அந்த யாரோ நீங்கதான் சார். ஆட்டம் முழுக்க இப்படித்தான் தேப்பீங்களா?"

"ஆ... ஆமாம்மா. அப்ப தலைதான் நிறைய விழுமா?"

"அதை லென்ஸ் சொல்லாது. நூறு தடவை சுண்டிப் பாத்துடுங்க."

சுண்டினார். நான் பழைய ரசீதின் பின்னால் கோடு போட்டேன். இரண்டு தடவை காசு மேஜைக்கடியில் உருண்டது. தலை நாற்பத்தொன்பது, பூ ஐம்பத்தொன்று. மாமா கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"ஒண்ணு சொல்றேன், வருத்தப்படாதீங்க. இந்த வருஷத்துக் காசு ரொம்பக் கொஞ்சம்தான் அடிச்சாங்க. தலை தேயாம இருந்தா ஒரு ஸ்கூட்டரே வாங்கியிருக்கலாம். இப்ப ரெண்டு காபிதான் வரும்."

"இருபத்தெட்டு வருஷமா ஒரு ஸ்கூட்டரையா சுண்டிட்டு இருந்தேன்!" மாமா கடை அதிரச் சிரித்தார். காசை விற்காமல் பையில் போட்டுக்கொண்டார். ஸ்கூட்டர் கதையைக் கேட்ட அக்கா மட்டும் இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு அதே கேப்டன். மாமா பழைய காசை எடுத்தார். அவன் வேண்டுமென்றே "தலை!" என்றான். தலையே விழுந்தது.

"பாத்தீங்களா?" என்று இளித்தான்.

"பாத்தேன்பா. எந்தப் பக்கம் ஆடுறே, சொல்லு," என்றார் மாமா, குஷியாக.

ஆட்டம் முடிந்து வரும்போதும் அவர் கை பைக்குள் தேய்த்துக்கொண்டே இருந்தது. "இன்னும் விடலியா மாமா?" என்றேன்.

காசை எடுத்துக் காட்டினார். கட்டைவிரல் பூவின் மேல் இருந்தது.

"ராஜா நிறைய தேஞ்சுட்டாருடா. இனிமே இந்தப் பக்கம் தேயட்டும். நியாயம்னா ரெண்டு பக்கமும் நியாயமா இருக்கணும்ல?"