நேரில் பார்த்தால்தான் நம்புவார்

என் சலவைக்கூடத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவர் தம் அண்ணனுக்கு ஐயாயிரம் கடன்பட்டிருந்தார். அண்ணன் வெளியூரில் இறந்துவிட்டதாகச் சேதி வந்தும் நம்பாமல், பணத்தைச் சேர்த்துவைத்துக்கொண்டு கொதிகலன் அறையிலேயே தனியாகக் கிடந்தார்.

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு மூன்று சலவைக்கூடம் கண்டவன் நான். காட்சி, அனுமானம், நம்பத்தக்கவர் சொல் என்று அறிவுக்கு வழி சொன்ன தத்துவமெல்லாம் எனக்கு அத்துப்படி.

“ஏன்யா, புகையைக் கண்டா நெருப்பு இருக்குன்னு ஒத்துக்க மாட்டியா?” என்றேன்.

“அடுப்பைத் திறந்து பார்த்துட்டுத்தான் ஒத்துக்குவேன், முதலாளி. பணத்தை அண்ணன் கையிலதான் கொடுப்பேன்.”

ஒருநாள் அண்ணன் மகள் வந்து நின்றாள்.

“அப்பா எங்கம்மா?”

“அவர் இருந்தா என்னைத் தனியா அனுப்புவாரா, சித்தப்பா?”

அவளுக்குப் பின்னாலிருந்த வாசலை வெகுநேரம் பார்த்தார். யாரும் வரவில்லை. பிறகு அவள் கையை விரிக்கச் சொல்லி, நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.