முட்டை வண்டியில் ஏற்றிய லினக்ஸ்

கோழிப்பண்ணையில் லாபம் வந்த ஒரு வருஷம், யாரோ ஒரு விற்பனைக்காரர் எங்கள் அப்பா தலையில் ஒரு கைக்கணினியைக் கட்டிவிட்டுப் போனார். உள்ளங்கை அகலம், எழுத ஒரு குச்சி. முட்டைக் கணக்கை அதில் தட்டினால் போதும் என்றாராம். கொஞ்ச நாளில் அது அப்படியே உறைந்து நின்றுவிட்டது. விற்ற கம்பெனியையும் காணோம். அதன்பிறகு பீரோவில் பட்டுச்சேலைகளோடு படுத்துக் கிடந்தது. மழை ஏமாற்றினால்கூட அப்பா, "அந்தப் பொட்டியாட்டம்" என்றுதான் திட்டுவார்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்திருந்தாள். சேலத்தில் ஒரு கடையில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தங்குவதற்கு அயோத்தியாப்பட்டணத்தில் தோழி வீடு இருந்தது. அப்பா முடியாது என்று சொல்லவில்லை. அவர் எதற்குமே முடியாது என்று சொல்கிற ஆளில்லை. பீரோவைத் திறந்து அந்தப் பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"இதை மொதல்ல ஓட்டிக் காட்டு சாமி. அப்பறம் சேலத்துக்குப் போறதப் பத்திப் பேசலாம்."

அத்தை பரமத்தி வேலூருக்கு பஸ் ஏறி பிரவுசிங் சென்டரே கதியென்று கிடந்தாள். கடைசியில் நகம் அளவு மெமரி கார்டோடு வந்தாள். உள்ளே இருப்பதை வழித்தெறிந்துவிட்டு கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் என்ற ஒன்றை ஏற்றப் போவதாகச் சொன்னாள். அது இலவசம் என்றதும் அப்பாவுக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது. சும்மா கொடுக்கிறவன் எதற்குக் கொடுக்கிறான் என்றார். ஏற்றும்போது நடுவில் கரண்ட் நின்றால் பெட்டி மறுபடி எழவே எழாதாம். அதன் பேட்டரியோ கிழடு. எங்கள் ஊரிலோ அப்போது கரண்ட் வந்தால்தான் செய்தி.

அதனால் அத்தை, லோடு ஏற்றி வாசலில் நின்ற முட்டை வண்டியில் ஏறிக்கொண்டாள். இது ஓடினால்தான் சேலத்து வேலைக்குப் போக முடியும், இன்ஜினை அணைக்க வேண்டாம் என்று டிரைவரைக் கேட்டுக்கொண்டு, சிகரெட் லைட்டர் ஓட்டையில் சார்ஜரைச் செருகினாள். பின்னால் முட்டை அட்டைகள், சீட்டில் இரண்டு பேருக்கும் நடுவில் நான்.

"ஏனுங்க அம்மிணி, இன்னுங் கொஞ்சம் நேரமானா பின்னால குஞ்சு பொரிச்சுருமுங்க" என்றார் டிரைவர்.

அத்தை சிரிக்கவில்லை. கார்டைச் செருகி, பொத்தானை அமுக்கிக்கொண்டே ஊக்கு முனையால் பெட்டியின் முதுகிலிருந்த ரீசெட் ஓட்டைக்குள் குத்தினாள். திரை கறுத்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. அத்தை சார்ஜர் ஒயரை அசையாமல் பிடித்துக்கொண்டாள். பிறகு வெள்ளை எழுத்துகள் எறும்பு வரிசையாக மேலே ஓடின. மூலையில் லினக்ஸின் சின்னமான பென்குயின் வந்து நின்றது.

டிரைவர் எட்டிப் பார்த்து, "கோழியே வந்திருச்சுங்களே" என்றார். அப்போதுதான் அத்தை சிரித்தாள். கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

முட்டைக் கணக்குப் போடுகிற புரோகிராமையும் அதில் அவளே எழுதி ஏற்றினாள். அப்பா பெட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாகக் காட்டினார். அந்த நல்ல முகத்தை நம்பி, ஒருநாள் சாப்பிடும்போது அத்தை சேலம் பேச்சை எடுத்தாள்.

"இத்தன வித்தைய ஊட்டுல இருந்துட்டே பண்ணிப்போட்டயே. அப்பறம் எதுக்குச் சாமி சேலம்?" என்றார் அப்பா.

அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"ஓடாமப் போயிருந்தா அனுப்பியிருப்பீங்களாண்ணா?"

"ஓடலீன்னா படிச்சது அவ்வளவுதான்னு ஆயிருக்கும். அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டு அனுப்பறது?"

அப்பா சிரித்தார். அம்மா சிரித்தாள். அத்தையும் சிரித்தாள். அப்பா ஒருவரை வாயாரப் புகழ்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அத்தை இனி எங்களோடேயே இருப்பாள் என்பது எனக்கு இரட்டைச் சந்தோஷம்.

மறுநாள் டிரைவர் வண்டியை நிறுத்தி, வெள்ளிக்கிழமை சேலத்து லோடு இருக்கிறது, பெட்டி படுக்கையோடு ஏறிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

"இல்லீங்கண்ணா" என்றாள் அத்தை. "எங்கண்ணன் வெச்ச பரீட்சைல நான் பாஸ் பண்ணிட்டேனுங்க."

பாஸ் பண்ணினவர்களிடம் மிட்டாய் கேட்பதுதானே வழக்கம். அவர் கேட்கவில்லை. கியரைப் போட்டு வண்டியை எடுத்தார். அவர் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, எங்கத்தை பாஸாயிருச்சுங்க என்று கத்திக்கொண்டே வண்டிக்குப் பின்னால் ரோடு வரைக்கும் ஓடினேன்.